கறுப்புக் கிமோனோவின் பிடிநூல்

ஜப்பானில் பனி கொட்டும் எங்கள் தோகாமாச்சியில் ஹருயேயின் கை படாத பெண் என்று ஒருத்தியைக் காட்டுவது கஷ்டம். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அழகு நிலையத்தின் மாடியில் முப்பத்தோரு வருஷமாக அவள் செய்துவந்த வேலை ஒன்றே ஒன்றுதான். மற்றவர்களுக்குக் கிமோனோ உடுத்திவிடுவாள். கல்யாணப் பெண், கல்யாணப் பெண்ணின் அம்மா, இருபது வயது நிறைந்து விழாவுக்குப் போகும் பெண், சாவு வீட்டு மருமகள் எல்லாரும் அவள் முன்னால் கையை விரித்து நின்றவர்கள்தான். அவளுக்குப் பெயர் மறக்கும், இடுப்பு மறக்காது. தெருவில் யாராவது குனிந்து வணக்கம் சொன்னால் முகத்தைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பாள். அவர்கள் திரும்பி நடந்ததும் முதுகைப் பார்த்து, “அட, வலது தோள் தாழ்ந்த அரிசிக் கடைக்காரி!” என்பாள்.

புதுப் பாணி என்றாலே அவளுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். விழாவுக்கு வரும் பெண்கள் கழுத்துப் பட்டையில் லேஸ் வைப்பார்கள், காலில் பூட்ஸ் மாட்டுவார்கள். சிலர் நீளக் கைக் கிமோனோவைத் தோளை விட்டு இறக்கிவிடச் சொல்வார்கள். வயதானவர்களுக்காக மேலே சட்டை, கீழே பாவாடை என்று இரண்டாக வெட்டிய கிமோனோ வந்தது. இடுப்பில் சுற்றும் ஓபிப் பட்டையையும் முடிச்சோடு கட்டி, பின்னால் கொக்கி வைத்து விற்றார்கள். “அஞ்சு நிமிஷத்துல கட்டிக்கலாமாம். ஆறாவது நிமிஷம் கழண்டு விழுந்தா அதுக்கும் ஆள் வச்சிருக்காங்களா?” என்று கேட்பாள். கேட்டுக்கொண்டே அந்தப் பெண்ணுக்கு லேஸ் ஒரு விரல்கடை வெளியே தெரிகிற மாதிரி அழகாக வைத்தும் விடுவாள். வாய்தான் நீளமே தவிர, கை யாரையும் அசிங்கமாக அனுப்பியதில்லை.

ஊருக்கெல்லாம் உடுத்திவிட்டவளுக்குத் தான் உடுத்திக்கொள்ள நேரம் வாய்த்ததில்லை. பெற்ற தாய் செத்த அன்றுகூட அக்கா தங்கை மூன்று பேருக்கும் கறுப்புக் கிமோனோ கட்டிவிட்டு நிமிர்ந்தபோது பிக்கு வந்துவிட்டார். அவசரமாகக் கறுப்புக் கவுனை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஆகவே கல்யாணத்தின்போது அம்மா தைத்துக் கொடுத்த துக்கக் கிமோனோ, ஐந்து இடத்தில் வெள்ளைக் குலச்சின்னம் வைத்த கறுப்புப் பட்டு, முப்பத்திரண்டு வருஷமாகக் காகித உறைக்குள் கிடந்தது.

அதில் பிடிநூல்கூடப் பிரிக்காமல் இருந்தது. புதுக் கிமோனோவின் கழுத்து, கை, கீழ் விளிம்பு எல்லாம் மடிப்புக் குலையாமல் இருக்க வெள்ளை நூலால் நீளநீளமாக ஓர் ஓட்டம் ஓட்டியிருப்பார்கள். உடுத்துகிற அன்று அதை உருவிவிட வேண்டும். மற்றக் கிமோனோ என்றால் எப்போது உருவினாலும் கேட்பாரில்லை. துக்கக் கிமோனோ அப்படியல்ல. முன்கூட்டியே உருவி வைத்தால் சாவுக்குத் தயாராகக் காத்திருக்கிறோம் என்று ஆகிவிடும். “இத நீயா பிரிக்காத. பிரிக்க வேண்டிய நாள் தானா வரும்” என்று சொல்லித்தான் அம்மா கொடுத்தாள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போதே அவள் தாலி அறுக்கிற அன்றைக்கான துணியையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று வேறு யாரும் உடைத்துச் சொல்வதில்லை. சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஜனவரிக் கடைசியில் பனி கொட்டித் தீர்த்தது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் அடுத்த தெரு ஷினோபு தலையில் பனியோடு ஹருயேயின் வீட்டுக்கு ஓடிவந்தாள். அவள் மாமனார் இறந்து ஒருநாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை இறுதிச் சடங்கு. வீட்டுக்கு மூத்த மருமகள் அவள்தான், எல்லார் கண்ணும் அவள்மேல்தான் இருக்கும். கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வைத்திருந்தாள்.

“ஹருயே அக்கா, என்னக் காப்பாத்துங்க! போன்ல சொல்லி வாடகைக்கு வரவழைச்சேன். காலுறையிலேர்ந்து கைப்பை வரைக்கும் எல்லாம் இருக்குக்கா. ஆனா துணியப் பாருங்க.”

ஹருயே பிரித்துப் பார்த்தாள். ஜன்னல் திரை போல மறுபக்கம் தெரிகிற மெல்லிய கோடைத் துணி. ஆகஸ்டில் நடக்கும் சாவுக்கு உடுத்துவது.

“இதக் கட்டிக்கிட்டுப் பனியில நின்னேன்னா, பொணத்த விட்டுட்டு எல்லாரும் ஒன்னத்தான்டி பாப்பாங்க” என்றாள் ஹருயே.

“அதான்கா சொல்றேன்! நாத்தனாருங்க மூணு பேரு. ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாளுக.”

அழகு நிலையத்தில் இருந்த இரண்டு துக்கக் கிமோனோவும் வேறு வீட்டுக்குப் போயிருந்தன. ஷினோபு கேட்கவில்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கேட்காமல் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் ஹருயேக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. “சரி, காலைல ஆறு மணிக்கு வந்து கட்டிவிடறேன். என்னோடது இருக்கு” என்று சொல்லிவிட்டாள்.

அவள் புருஷன் கென்சாகு அப்போது கணப்பு மேசைக்கடியில் காலை நீட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். பிள்ளை இல்லாத வீட்டில் ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் தெரிந்து வைத்திருந்தவன். ஷினோபு போனதும் ஹருயே காகித உறையை அவன் முன்னால் விரித்தாள்.

“ஏங்க, இத நான் பிரிக்கலாமா?”

“அது எனக்காகத் தச்சதாச்சே! என்னையே கேக்கறியா?” என்று சிரித்தான். “நான் செத்தாத்தான் அதுக்கு விடுதலைன்னு முப்பது வருஷமாப் பொட்டிக்குள்ள கெடக்கு. பாவம், ஒரு தடவ ஊரச் சுத்திட்டு வரட்டும்.”

“வாயில நல்லதே வராதா ஒங்களுக்கு?”

“நல்லதுதான சொன்னேன். நான் சாகப் போறதில்ல, துணியாவது வெளிய போகட்டும்னேன்.”

அவள் கழுத்துப் பகுதியில் நூலின் முனையைத் தேடி எடுத்தாள். அவனும் ஆரஞ்சுக் கையைத் துடைத்துக்கொண்டு கீழ் விளிம்பு நூலைப் பிடித்து இழுத்தான். நீளமாக வந்தது. விரலில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டான். இருவரும் சிரித்துக்கொண்டேதான் செய்தார்கள். அதைத்தான் அவளால் பின்னால் தாங்க முடியாமல் போயிற்று.

மறுநாள் காலை ஷினோபுவுக்குக் கட்டிவிட்டாள். ஓபியைப் பின்னால் ஒற்றை மடிப்பாக வைத்தாள். மங்கலக் காரியத்துக்கு இரட்டை மடிப்பு, துக்கத்துக்கு ஒற்றை. துக்கம் இரண்டாவது தடவை வரக்கூடாது என்பது கணக்கு. ஷினோபு அன்று நிமிர்ந்து நின்றாள். நாத்தனார்கள் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கென்சாகு தன் அக்கா மசுயோவின் கூரையிலிருந்து விழுந்தான்.

மசுயோ விதவை. மூன்று தெரு தள்ளித் தனியாக இருந்தாள். கூரையில் ஆளுயரம் பனி நிற்கிறது, உத்தரம் முனகுகிறது என்று வெள்ளிக்கிழமை நாலு தடவை போன் செய்தாள். எங்கள் ஊரில் பனிக்காலத்தில் கூரைப்பனி தள்ளுவது சமையல் மாதிரி அன்றாட வேலை. அன்றாட வேலை என்பதாலேயே வருஷாவருஷம் யாராவது போகிறார்கள். கென்சாகு இடுப்பில் கயிறு கட்டியிருந்தான். கயிற்றின் மறுமுனையை அப்புறம் புகைபோக்கியில் கட்டிக்கொள்ளலாம் என்று முதலில் கொஞ்சம் பனியைத் தள்ளிப் பார்த்தானாம். அந்தக் கொஞ்சத்தில் பனித்தட்டு முழுதும் அவனோடு சேர்ந்து சரிந்தது. கீழே மண்டிய பனியில் விழுந்திருந்தால் பிழைத்திருப்பான். கிணற்றடிச் சிமெண்டு விளிம்பில் தலை பட்டது.

ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். ஹருயேயை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

“மூணு நாள் தாண்டணும்மா. கண்ணத் தெறந்தார்னா நல்ல அறிகுறி. மறுபடி ரத்தம் கசிஞ்சா நம்ம கையில இல்ல.”

“நான் பக்கத்துலயே இருக்கலாமாங்க?”

“பகல்ல ஒரு மணிக்கு அரை மணி நேரம், சாயங்காலம் ஆறு மணிக்கு அரை மணி நேரம். அதுக்கு மேல அனுமதி இல்லம்மா.”

அன்றிலிருந்து ஹருயேக்கு நாளில் ஒரு மணி நேரம்தான் இருந்தது. மிச்சம் இருபத்து மூன்று மணி நேரமும் தாழ்வாரத்துப் பச்சை நாற்காலியில் கிடந்தாள். குழாய்களுக்கு நடுவே அவன் கை மட்டும் பழைய கையாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, “கண்ணத் தெறங்க. நான் வந்திருக்கேன் பாருங்க” என்பாள். வெளியே வந்தால் எதிர் நாற்காலியில் மசுயோ. மசுயோ வீட்டிலிருந்து சோற்று உருண்டை பிடித்துவந்து நீட்டுவாள். ஹருயே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷினோபு பார்க்க வந்தாள். வந்தவள் அழுதாள், விசாரித்தாள். அதோடு போயிருந்தால் இந்தக் கதையே வேறு. நன்றி சொல்லாமல் போனால் மரியாதையில்லை என்று நினைத்தாள் போலிருக்கிறது.

“இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். நீங்க குடுத்த கிமோனோவாலதான் அக்கா என் மானம் பொழைச்சது. பிடிநூல்கூடப் பிரிக்காதத எனக்காகப் பிரிச்சுக் குடுத்தீங்களே, இந்த ஜென்மத்துல மறக்கமாட்டேன். சலவைக்குக் குடுத்துட்டுக் கொண்டுவந்து தரேன்.”

அதுவரைக்கும் ஹருயேக்கு அந்த நூலைப் பிரித்த நினைப்பே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, அழுத்தி வைத்திருந்தாள். ஷினோபு தலை மறைந்ததும் மசுயோ எழுந்து எதிரே வந்து நின்றாள்.

“என்ன நூலு அது? எந்தக் கிமோனோ?”

“என்னோட... அம்மா தச்சுக் குடுத்தது.”

“துக்கத்துக்கு உடுத்தறதா?”

ஹருயே தலையாட்டினாள்.

“எப்போ பிரிச்ச?”

“புதன்கிழமை.”

“புதன்கிழமை பிரிச்ச. சனிக்கிழமை அவன் விழுந்தான்.” மசுயோவின் குரல் ஏறியது. செவிலியர் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். “ஊருக்கெல்லாம் கட்டிவிடறவ நீ! இடது எது, வலது எது, முடிச்சு ஒத்தையா ரெட்டையான்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பியே! புருஷன் கல்லாட்டம் இருக்கையில அவன் சாவுக்கு உடுத்தற துணியப் பிரிச்சு வச்சியா? சாவ வாவான்னு கூப்பிட்டியா?”

“அக்கா, அவருதான் சிரிச்சுக்கிட்டே...”

“அவன் சிரிப்பான்! அவனுக்கு என்ன தெரியும்? ஒனக்குத் தெரியுமில்ல? போ. போய் அந்த நூலப் பழையபடி தச்சு வச்சுட்டு வா. அதுவரைக்கும் அவன் எந்திரிக்க மாட்டான்.”

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது என்று நமக்குத் தெரிகிறது. அவளுக்கும் வேறு நாளாக இருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் டாக்டர் ‘நம்ம கையில இல்ல’ என்று சொல்லிவிட்டார். மசுயோ சொன்னதோ ஹருயேயின் கையால் செய்யக்கூடிய வேலை. நாளில் ஒரு மணி நேரம் தவிர எதுவும் செய்ய முடியாமல் நாற்காலியில் கிடந்தவளிடம் ஊசியையும் நூலையும் எடு என்றால் எடுக்காமல் என்ன செய்வாள்? அன்று மாலை அவன் கையைப் பிடித்தபோது, “நாளைக்குள்ள சரி பண்ணிடறேன். கொஞ்சம் பொறுத்துக்கோங்க” என்று காதருகில் சொல்லிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஹருயே போய் ஷினோபு வீட்டுக் கதவைத் தட்டினாள். நல்லவேளை, கிமோனோ இன்னும் சலவைக்குப் போகவில்லை. மாடியில் மூங்கில் கொம்பில் கை விரித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊதுவத்தி வாசனை அதில் ஏறியிருந்தது.

“இப்பவே வேணுமா அக்கா?” என்று கேட்ட ஷினோபுவின் முகம் சட்டென்று வெளிறிவிட்டது. “ஐயோ, அவருக்கு ஏதாவது...?”

“இல்லடி. அதெல்லாம் ஒண்ணுமில்ல. இது வீட்டுல இருக்கணும், அவ்வளவுதான்.”

தன் வீட்டில் வைத்துத் தைக்க முடியாது. பனி தாங்கக் கீழ்த்தள ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்து, பலகைக்கு மேலும் பனி ஏறி, நவம்பரிலிருந்து வீடு இருட்டுக் கிடங்கு. விளக்கு வெளிச்சத்தில் கறுப்புப் பட்டில் ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை அழகு நிலையத்துக்கு விடுமுறை, சாவி அவளிடம் இருந்தது. மாடியில் உடுத்தும் அறையின் பெரிய ஜன்னல் வழியாக எதிர்க்கூரைப் பனியின் வெளிச்சம் வெள்ளையாக உள்ளே விழும். அங்கே போனாள். கைப்பேசி வீட்டில் சார்ஜரில் மாட்டியபடி இருந்தது. அவளுக்கு அது நினைவுக்கே வரவில்லை.

சும்மா ஓர் ஓட்டம் ஓட்டுவதாக இருந்தால் ஒன்றரை மணி நேர வேலை. அவளுக்கு அது போதவில்லை. பிரிக்காத துணியாக இருக்க வேண்டுமானால் ஊசி பழைய துளைகளிலேயே இறங்க வேண்டும் என்று பட்டது. முப்பத்திரண்டு வருஷம் நூல் உட்கார்ந்திருந்த இடத்தில் பட்டு கொஞ்சம் அகன்றிருக்கும். ஷினோபு ஒருநாள் உட்கார்ந்து எழுந்ததில் பாதி மூடிப்போயிருந்தது. ஜன்னலுக்கு நேராகத் துணியைத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, விரல் நுனியால் தடவித் தடவி ஒவ்வொரு துளையாகக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தால் உயிர் வந்தது. கிடைக்காத இடத்தில் “எங்க போன, எங்க போன” என்று துளையோடு பேசினாள். ஒரு நீளத் தையல், ஒரு குட்டைத் தையல், மறுபடி நீளம். அம்மா எப்படிப் போட்டிருந்தாளோ அப்படி.

இடையில் புருஷனோடும் பேசினாள். “குப்பையில போட்டீங்களே, அந்த நூலு இருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்” என்று அவனைக் கடிந்துகொண்டாள். பிறகு கடிந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

கழுத்து முடியப் பதினொன்று. கீழ் விளிம்பு முடியப் பன்னிரண்டே கால். இடது கை முடிந்து நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது. ஆஸ்பத்திரி பத்து நிமிஷ நடை. பனியில் பதினைந்து. ஓடினால் பாதி நேரமாவது கிடைக்கும். எழுந்துவிட்டாள். ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்தும் விட்டாள்.

வலது கை பாக்கி இருந்தது. தரையில் விரித்துக் கிடந்த கிமோனோவைப் பார்த்தாள். மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்திருந்தது. பாதியில் விட்டுப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் முழுதும் திறந்திருப்பதைவிட ஒரு வழி மட்டும் திறந்திருப்பது பயங்கரமாக இருந்தது, அந்த ஒரு வழியில்தான் எதுவும் வரும் போல, போகும் போல. இந்த வேளை போனால் ஆறு மணி வேளை இருக்கிறது. வெளிச்சமோ மூன்று மணிக்குள் மங்கிவிடும். கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அப்படி உட்கார்ந்ததற்காக அவளைப் பைத்தியக்காரி என்று சொன்னவர்கள் எங்கள் ஊரில் உண்டு. எனக்கு அவர்கள்மேல்தான் ஆத்திரம் வருகிறது. மூழ்குகிறவள் துரும்பைப் பிடித்தால், துரும்பைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கக் கரையில் நிற்கிறவர்களுக்கு என்ன யோக்கியதை?

வலது கையில்தான் துளைகள் அதிகம் மூடிப்போயிருந்தன. இரண்டே கால் மணிக்குக் கடைசித் துளையில் ஊசியை இறக்கி எடுத்தாள். முடிச்சுப் போடாமல் நூலை இரண்டு தரம் திருப்பிக் குத்தி வெட்டினாள். முழுதையும் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். ஒரு துளைகூடத் தப்பவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் இத்தனை சுத்தமான வேலை அவள் செய்ததில்லை. மடித்துக் காகித உறையில் வைத்து, உறையின் கயிற்றைக் கட்டி, அந்த அறை அலமாரியிலேயே மேல்தட்டில் தள்ளினாள். மூன்று நாளில் முதல் தடவையாகப் பசித்தது. மசுயோ கொடுத்த சோற்று உருண்டை ஒன்று பையில் இருந்தது. அதைத் தின்றுகொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். சாலையில் பனி கரைக்கும் குழாய்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. செருப்பெல்லாம் நனைந்தது. அவள் கவலைப்படவில்லை.

தாழ்வாரத்தில் பச்சை நாற்காலியில் மசுயோ இல்லை. தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுபது வயதுக்காரி, சுவரில் சாய்ந்து காலை நீட்டி, சின்னப் பிள்ளை மாதிரி.

“எங்கடி போன?” என்றாள். “வீட்டுக்குப் பத்து தடவ அடிச்சேன். ஆஸ்பத்திரிக்காரங்களும் அடிச்சாங்க. எங்கடி போன?”

உள்கதவு திறந்து டாக்டர் வந்தார், ஹருயேயைப் பார்த்ததும் குனிந்தார். அவர் குனிந்த ஆழத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றேமுக்காலுக்கு மறுபடி ரத்தம் கசிந்தது, இரண்டு மணி இரண்டு நிமிஷத்துக்கு மூச்சு நின்றது என்று அவர் சொன்னதெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது.

அவர் போன பிறகு மசுயோ அவள் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“கண்ணத் தெறந்தான்டி.”

“எப்போ?”

“ஒரு மணிக்கு நான் உள்ள போனேன். தெறந்துதான் இருந்தான். என்னப் பாத்தான். அக்கான்னு தெரிஞ்சுது அவனுக்கு, கை அசைஞ்சுது. அப்புறம் வாசப்பக்கம் பாத்தான். நான் பேசிக்கிட்டே இருக்கேன், அவன் வாசலையே பாத்துக்கிட்டிருந்தான். வருவா, வந்துருவான்னேன். அரை மணி நேரம் ஆச்சுன்னு என்ன வெளிய போகச் சொன்னாங்க. அப்பவும் அந்தப் பக்கந்தான் பாத்தான்.”

அரை மணி நேரம் என்றால் வலது கையில் மேல்பாதி. அவளுக்குத் துளை துளையாகக் கணக்குத் தெரிந்தது.

“முழுசும் தச்சுட்டேன் அக்கா” என்றாள். “நீங்க சொன்ன மாதிரியே. பழைய துளையிலேயே தச்சேன். ஒண்ணுகூட விடல.”

மசுயோ அவளைப் பார்த்தாள். என்ன சொல்கிறாள் என்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

“அதுக்கா போன? அதுக்கா?” என்றாள். “அடி பாவி, நான் சும்மா சொன்னேன்டி. எனக்கு அதுல நம்பிக்கையே கெடையாது. என் புருஷன் சாகறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே என்னோடத நான் பிரிச்சு எத்தனையோ சாவுக்குக் கட்டிட்டுப் போயிருக்கேன். கூரைக்கு ஏறுடான்னு நாலு தடவ போன் பண்ணினவ நான்தான்டி. ராத்திரியெல்லாம் அதுதான் காதுல கேக்குது. யார் மேலயாவது தூக்கிப் போடணும்னு இருந்துச்சு. நீ எதிர்ல உக்காந்திருந்த.”

மசுயோவின் கை ஹருயேயின் கோட்டு நுனியை இன்னும் விடவில்லை. செவிலி வந்து கென்சாகுவைப் பார்க்கலாம், இனி நேரக் கட்டுப்பாடு இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சொன்னாள்.